உங்களுக்குத் தெரியுமா? மிடியில் சத்தமே கிடையாது!

வீட்டு அறையில் கணினியை வைத்துப் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் ‘மிடி டிரம்ஸ்’ என்பார்கள். ஆனால் இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியான மிடியில் ஒலி என்று எதுவும் இல்லை. எந்த எண், எவ்வளவு வலு, எப்போது என்ற குறிப்பு மட்டும்தான். 36 என்றால் பேஸ் டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட். 1991இல் வந்த ‘ஜெனரல் மிடி’ வகுத்த எண்கள் இவை. தாளத்துக்கென்றே 10ஆம் சேனலை ஒதுக்கியதும் அதுதான்.

சத்தம் தருவது டிரம் மென்பொருள். ஒரே ஸ்னேரை மெதுவாகவும் ஓங்கியும் அடித்துப் பதிந்த துணுக்குகளில் பொருத்தமானதை எடுத்துப் போடும். அடியின் வலு 1 முதல் 127 வரை. எல்லா அடிக்கும் 127 கொடுத்துப் பாருங்கள், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும்! ஹை-ஹாட்டில் ஒன்றுக்கு 100, அடுத்ததற்கு 70 என்று மாற்றினாலே ஆள் உட்கார்ந்து வாசிப்பது போல் கேட்கும்.

மிடி அறிமுகமானதும் ஒரு கதைதான். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் ப்ராஃபெட்-600, ரோலண்டின் ஜூபிடர்-6 என்ற இரண்டு கீபோர்டுகளை மிடி கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். இரண்டும் போட்டிக் கம்பெனிகளின் கருவிகள்! மிடியை உருவாக்கியதற்காக சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ காகேஹாஷிக்கும் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது 2013இல்தான்.