பாத்திரம் துலக்க வருபவருக்கு என்ன கொடுக்கிறோம்?

பொங்கல் நெருங்கும்போது நம் ஊர்ப் பலசரக்குக் கடைகளில் புளி, துலக்கும் பவுடர், கம்பி நார் ஆகியவற்றின் விற்பனை கூடுவது உறுப்பினர்கள் அறிந்ததே. பரணில் கிடந்த பித்தளைப் பானைகள் அப்போதுதான் கீழே இறங்குகின்றன. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பித்தளை தேடுவோரும் உண்டு. பண்டிகை கழிந்ததும், "பானை சிவந்து போச்சு", "சட்டி கறுத்துப் போச்சு" என்று அதே வாடிக்கையாளர் நம் கடை வாசலில்தான் வந்து நிற்கிறார். "எந்தப் பாத்திரத்துக்கு?" என்ற ஒரு கேள்வி இதில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். இரவு முழுவதும் புளிக்கரைசலில் ஊறப்போட்டாலோ, ஆசிட் ஊற்றினாலோ துத்தநாகம் கரைந்துபோய் மேலே செம்பு மட்டும் நிற்கும். அந்தச் சிவப்பு இதுதான். மேலோடு சிவந்திருந்தால் சலித்த சாம்பலும் எலுமிச்சம்பழமும் வைத்துச் சற்று நேரம் தேய்த்து, உடனே கழுவித் துடைத்தால் மஞ்சள் திரும்பிவிடும். ஆழமாக அரித்திருந்தால் திரும்பாது. புளி போட்டுத் தேய்ப்பதில் தவறில்லை, ஊறவைப்பதுதான் தவறு.

வெளிப்புறம் கெட்டால் அழகு கெடும்; உட்புறம் கெட்டால் உடம்பு கெடும். பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே பூசியிருக்கும் ஈயப்பூச்சு மிக மெல்லியது. பிரெஞ்சுக்காரர் நாட்டிலும் செம்புச் சட்டிகளுக்கு உள்ளே ஈயம் பூசித்தான் சமைத்தார்கள். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் அந்தப் பூச்சு சுரண்டி வந்துவிடும். உள்ளே மஞ்சள் தெரிந்தால், அதில் புளிக்குழம்போ தயிரோ வைக்கக்கூடாது; களிம்பு ஏறும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் விட்டாலும் பூச்சு போய்விடும், ஏனெனில் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தனி ஈயத்தில் செய்த ரசச் சொம்பு ஓட்டையாவதும் இப்படித்தான். ரசம் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். வற்றிவிட்டால் சொம்பு போயிற்று.

பூச்சு போனதற்குப் பரிகாரம் மறுபடி ஈயம் பூசுவது ஒன்றே. பாத்திரத்தைச் சுத்தமாக்கிக் கரியடுப்பில் சூடேற்றி, நவச்சாரம் தூவி, ஈயக்குச்சியை உரசித் துணியால் இழுத்துப் பரப்புவார்கள். நவச்சாரம் அழுக்கையும் துருவையும் நீக்கினால்தான் ஈயம் பிடிக்கும். இங்கேதான் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் அதைவிடப் பல மடங்கு மலிவு. கலந்து பூசினால் குறைந்த சூட்டிலேயே உருகி எளிதாகப் பரவும். அதனால் கலப்படத்துக்கு இடமிருக்கிறது. காரீயம் புளிப்பில் கரைந்து உணவில் இறங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஆகவே தெரிந்த, நம்பகமான ஆளிடம் பூசச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. 1955-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடை விதிகளே, சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வைத்த உணவு உண்ணத் தகாதது என்று சொல்லின. 2011 ஒழுங்குமுறையும் அதையே திரும்பச் சொன்னது. நெய்யும் தயிரும் விற்கும் நம் உறுப்பினர்கள் தங்கள் கடைப் பாத்திரத்தையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

அலுமினியத்துக்கு எதிரி வாஷிங் சோடா. காரம் பட்டால் கறுக்கும், நாளடைவில் அரிக்கும். கறுத்த பாத்திரத்தில் புளித்தண்ணீரையோ எலுமிச்சைத் தோல் போட்ட தண்ணீரையோ கொதிக்கவிட்டால் கறுப்பு விலகும். இட்லிப் பானையின் அடித் தண்ணீரில் எலுமிச்சை மூடி போடும் வழக்கம் இதற்காகத்தான். குழி விழுந்துவிட்டால் மட்டும் வழியில்லை.

எவர்சில்வர் துருவே பிடிக்காது என்பது பாதி உண்மை. அதில் கலந்துள்ள குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் கட்டிக் காக்கிறது. உப்பு நீர் தேங்கினாலும், பிளீச்சிங் பவுடரோ ஆசிட்டோ பட்டாலும் அந்தப் படலம் உடைந்து புள்ளி புள்ளியாகத் துரு வரும். கடலோர ஊரில் உப்புக் கரித்த தண்ணீரில் கழுவியதை ஈரத்தோடு கவிழ்த்து வைக்காமல் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். வந்த புள்ளியை எலுமிச்சைச் சாறு நீக்கும், குழியை நீக்காது. இரும்பு நார் போட்டால், அதன் துணுக்குகளே எவர்சில்வரில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும்.

ஆசிட் கேட்டு வருபவர் பாத்திரத்துக்கு என்றால் கொடுக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரோடு அது கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். மேலும் 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குப் பதிவேடும் வாங்குபவரின் அடையாளச் சான்றும் வேண்டும் என்றும், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக்கூடாது என்றும் உத்தரவிட்டது. பதிவேடு இல்லாத கடையில் அந்தப் பாட்டில் இருப்பதே வம்பு.

சோப்புப் போட்டு ஊறவைத்துத் துருவேறிய இரும்புத் தோசைக்கல்லுக்கு நம் கடையில் காசு செலவழிக்க அதிகம் இல்லை. கல்லுப்பு போட்டுத் தேய்த்து, கழுவிக் காயவைத்து, நல்லெண்ணெய் மெலிதாகத் தடவிப் புகை வரும்வரை காய்ச்சி ஆறவைக்க வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் கல் பழையபடி தோசையை விட்டுக் கொடுக்கும்.