ஓடும் வண்டியில் உணவைக் காத்தல்

பூமியைத் துளைத்து நீர் காணும் தொழிலும், கண்ட நீரை மேலே ஏற்றும் தொழிலும் கொங்கு நாட்டிற்குப் பெயர் தந்தவை. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் உருவாகும் பம்புகள் இந்தியாவின் பற்பல மாகாணங்களிலும் ஓடுகின்றன. அவை நீர் இறைக்கும் ஆழ்துளைக் கிணறுகளுள் பலவற்றைத் துளைத்தவை திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டுச் சென்ற ரிக் வண்டிகளே. பம்பு இயங்கும் முறையை நம் மாணவர் பலர் பாடமாகவே படித்திருப்பர். ரிக் வண்டியையும் வழியில் கண்டிருப்பர். ஆயின் அவ்வண்டியோடு மாதக்கணக்காக ஊர் ஊராய்ச் செல்லும் ஆட்கள் எங்கே சமைக்கிறார்கள், எதனை எவ்வாறு கெடாமல் வைத்துக்கொள்கிறார்கள் என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவையே இவ்வியாசத்திற்குப் பொருளாகக் கொண்டோம்.

ரிக் என்பது பெரும்பாலும் ஒற்றை வண்டியன்று. துளையிடும் இயந்திரம் ஏற்றிய லாரி ஒன்று; அதற்குத் துணையாகக் குழாய்களும் டீசலும் தட்டுமுட்டுச் சாமான்களும் சுமந்து வரும் லாரி மற்றொன்று. அத்துணை வண்டியே ஆட்களுக்கு வீடும் அடுக்களையும் ஆகின்றது. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்திலிருந்து வடநாடு செல்லும் சரக்கு லாரிகளிலும் ஓட்டுநர்கள் அடுப்பும் அரிசியும் உடன்கொண்டு போவதுண்டு. பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்புக்கு வரும் கேரவன் வண்டிகளையும், இக்காலத்தில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர் கட்டிக்கொள்ளும் வேன்களையும் இவற்றோடு சேர்த்து எண்ணலாம். மேனாடுகளில் சக்கர வீடுகள் தங்குமிடம் சேர்ந்தவுடன் அங்குள்ள மின்சாரத்தில் இணைத்துக்கொள்ளும். நம் ரிக்கோ மின்கம்பமே எட்டாத மேட்டுக்காட்டில் நிற்பது. ஆதலின் நம்மவர் நிலை அவர்கள் நிலையினும் கடினமானது.

இப்பிரச்சினை நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, உப்பு வணிகராகிய உமணரின் வண்டியை வருணிக்குமிடத்து, அதிற் கட்டிய உரலையும், கோழிக்கூட்டையும், தொங்கவிட்ட காடிக்கலத்தையும் கூறுகின்றது. எருதுகளை ஓட்டுபவளோ குழந்தையுடைய பெண். குடும்பமே வண்டியில் வாழ்ந்தது. ஊறுகாயும் உடன் சென்றது. பின்னாளில் பழனி யாத்திரைக்கும் அந்தியூர் ஆடிச் சந்தைக்கும் மாட்டுவண்டி பூட்டிச் சென்ற நம் முன்னோரும், கெடும் பொருளை வீட்டில் விட்டுக் கெடாத பொருளை வண்டியில் ஏற்றினர். குளிர்ப்பெட்டி வாங்க எண்ணுவோர் முதலிற் கற்கவேண்டிய பாடமும் இதுவே.

உணவு கெடுவதற்குக் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளே முதற்காரணம். 5 பாகை சென்டிகிரேடு முதல் 60 பாகை வரையுள்ள வெப்பத்தில் அவை விரைந்து பெருகும். அவற்றிற்கு ஈரமும் வேண்டும். ஆகவே ஈரத்தை நீக்கினும், உப்போ புளிப்போ மிகுவிப்பினும், குளிர்விப்பினும் உணவு நிலைக்கும். முதலிரண்டு வழிகளுக்கும் மின்சாரம் வேண்டுவதில்லை. இவ்வுண்மையைக் கொண்டு வண்டியில் ஏற்றும் பண்டங்களை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, குளிர்ச்சியே வேண்டாதவை. அரிசி, துவரம்பருப்பு, கொள்ளு, புளி, வற்றல் மிளகாய், வெல்லம், பருப்புப்பொடி, வடகம், மோர்மிளகாய், உப்புக்கண்டம், கருவாடு என்பன இதில் அடங்கும். பிரிக்காத பால்மாவும், பிரிக்காத அட்டைப்பெட்டிப் பாலும் இவ்வகையே. கொங்கு வீடுகளில் ஒரே பாத்திரத்தில் ஆக்கும் அரிசிம்பருப்புச் சோறு வண்டிக்கென்றே வகுத்த உணவு போன்றது. அதற்கு வேண்டும் பொருள்களிற் பெரும்பாலானவை இவ்வகையினவே.

இரண்டாம் வகை, நிழலும் காற்றும் போதுமானவை. சின்ன வெங்காயத்தைக் காற்றோடும் வலைச்சாக்கில் தொங்கவிட வேண்டும்; மூடிய பெட்டியில் வைத்தால் அழுகும். உருளைக்கிழங்கை அதனோடு சேர்த்து வைத்தலாகாது. குடுமி நீக்காத முழுத்தேங்காய் வாரக்கணக்கில் இருக்கும். உடைத்த மூடியோ ஒரு நாளும் தாங்காது. நாமக்கல் முட்டையும் வண்டிக்கு ஏற்றதே. கழுவாத முட்டையை நிழலில் வைத்துச் சில நாட்களுக்குள் உண்டுவிடலாம். ஒருமுறை குளிர்ப்பெட்டியில் வைத்த முட்டையை மீண்டும் வெளியே வைத்தல் நன்றன்று. ஓட்டின்மேல் நீர் வியர்க்க, அவ்வீரத்தின் வழியே கிருமி உட்புகும்.

மூன்றாம் வகையே உண்மையாகக் குளிர் வேண்டுவது. பச்சைப்பால், இறைச்சி, மீன், அரைத்த மாவு, மிஞ்சிய குழம்பு ஆகியவை அவை. பண்டங்களை இவ்வாறு பிரித்துப் பார்த்தால், குளிர்ப்பெட்டிக்குள் புகவேண்டியவை நாம் முன்பு எண்ணியதிற் காற்பங்கும் இரா. பெட்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது அதன் பின்னரே.

நிற்க. குளிர்விக்கும் வழிகளுள் மிக எளியது மண்பானை. நீர் ஆவியாகும்போது சூழவுள்ள வெப்பத்தை உட்கொள்ளும் என்பதை மாணவர் அறிவர். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது உட்கொள்ளும் வெப்பம், ஏறக்குறைய 7 கிலோ பனிக்கட்டி உருகுதற்கு வேண்டிய வெப்பத்திற்குச் சமம். நைஜீரியா நாட்டு ஆசிரியர் முகம்மது பா அப்பா என்பவர் 1990களில் ஒரு பானைக்குள் மற்றொரு பானையை வைத்து, இடையே ஈரமணல் நிரப்பிக் காய்கறி காக்கும் முறையை அங்குள்ள உழவர்களிடையே பரப்பினார். நம் லாரியில் பானை உடையும் என்று அஞ்சுவோர், கூடையொன்றை ஈரச்சாக்கினால் போர்த்துக் காற்றுப்படும் இடத்தில் கட்டலாம், தத்துவம் ஒன்றே.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. காற்று வறண்டிருந்தாலன்றி நீர் விரைந்து ஆவியாகாது. வெப்பம் 35 பாகையும் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமும் ஆயின், ஈரச்சாக்கு ஏறக்குறைய 22 பாகை வரை குளிரக்கூடும். அதே வெப்பத்தில் ஈரப்பதம் 80 சதவீதமாயின் 32 பாகைக்குக் கீழே இறங்காது. ஆகவே கோடைக்கு முன்னுள்ள கொங்குச் சமவெளியிலும் இராஜஸ்தானத்து வறண்ட நிலத்திலும் பயன்படும் இம்முறை, சென்னைக் கடற்கரையிலும் கொங்கணத்து மழையிலும் பயன்படாது. பயன்படும் இடத்தும் அது காய்கறிக்கே உரியது. பாலையும் இறைச்சியையும் 22 பாகையில் வைப்பது ஆபத்து.

அடுத்தது ஐஸ் பெட்டி. அமெரிக்கப் பனிக்கட்டி 1833ஆம் ஆண்டிற் கப்பலேறிக் கல்கத்தா வந்தது. பின்னர்ச் சென்னைக்கும் வந்தது. அதனைச் சேமித்த ஐஸ் ஹவுஸ் கட்டடம் இன்றும் மெரினாவில் நிற்கின்றது. கனத்த காப்பே அக்காலத்தில் அதனை உருகாமற் காத்தது. இன்றும் அவ்விதியே நிலவுகின்றது. இரண்டு அங்குல நுரைக்காப்புள்ள பெட்டியில் 10 கிலோ ஐஸ் ஏறக்குறைய இரண்டு நாள் நிற்கும். மெல்லிய தெர்மாகோல் பெட்டியில் அத்தனை நேரம் நில்லாது. மீன் வியாபாரத்திற்கு விற்கும் ஐஸ் குடிப்பதற்குரியதன்று. ஆதலின் உணவை மூடிய பாத்திரத்தில் வைத்து, உருகிய நீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். ஊர்ப்பக்கம் நிற்கும் நாட்களுக்கு இது போதும். காட்டில் ஐஸ் கிடைப்பதரிது.

இனி இயந்திரக் குளிர்ப்பெட்டிகளைப் பார்ப்போம். அவை நால்வகை.

முதலாவது, எரிவாயுவால் இயங்கும் உறிஞ்சுமுறைப் பெட்டி. ஸ்டாக்ஹோம் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராயிருந்த பிளாட்டன், முண்டர்ஸ் என்னும் இருவர் 1922ஆம் ஆண்டில் இதனை அமைத்தனர். எலெக்ட்ரோலக்ஸ் கம்பெனி 1925ஆம் ஆண்டு முதல் இதனைச் செய்து விற்றது. வெப்பங்கொண்டே குளிர் உண்டாக்கும் விந்தை இதிலுள்ளது. அம்மோனியா கலந்த நீரைச் சிறு சுடர் காய்ச்ச, அம்மோனியா பிரிந்து மேலே சென்று திரவமாகும். அத்திரவம் ஹைட்ரஜன் நிறைந்த குழாயினுள் இறங்கி எளிதில் ஆவியாகிப் பெட்டியின் வெப்பத்தை உட்கொள்ளும். பின்னர் மீண்டும் நீரிற் கலக்கும். சுழலும் பாகம் ஒன்றுமில்லை, ஓசையுமில்லை. ஆயின் திரவங்கள் தம் எடையாலேயே ஓடுவதால் பெட்டி சமமட்டமாக நிற்கவேண்டும். சாய்ந்தால் ஓட்டம் தடைப்படும். மேடுபள்ளத்தில் நிற்பதும், அருகிலேயே டீசல் சுமப்பதுமாகிய ரிக் வண்டிக்கு, ஓயாது எரியும் சுடருடைய இப்பெட்டி பொருந்தாது.

இரண்டாவது, விலைகுறைந்த மின்குளிர்ப் பெட்டி. இரு வேறு உலோகங்களின் சந்திப்பில் மின்சாரம் பாய்ந்தால் வெப்பம் ஒருபுறமிருந்து மறுபுறம் செல்லும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பெல்த்தியே 1834ஆம் ஆண்டிற் கண்டார். இப்பெட்டி அத்தத்துவத்தாலானது. வெளிவெப்பத்தினும் ஏறக்குறைய 20 பாகை குறைவாக்குவதே இதனால் இயலும். வெளியே 40 பாகையாயின் உள்ளே 20. பாலுக்கு அது போதாது. மின்சாரச் செலவோ குறைவன்று. விலைகண்டு இதனை வாங்குவோர் பலர் ஏமாறுகின்றனர்.

மூன்றாவது, வீட்டுப் பிரிட்ஜை இன்வெர்ட்டர் வைத்து ஓட்டுவது. அசையாத தரைக்கென்று செய்த பெட்டி, குலுங்கும் வண்டியில் நெடுநாள் உழைப்பதரிது. கம்ப்ரசர் தொடங்கும் கணத்தில் வழக்கத்தினும் பன்மடங்கு மின்சாரம் இழுக்கும்; இன்வெர்ட்டரிலும் ஒரு பங்கு வீணாகும். கதவு முன்புறம் திறப்பதால் கனமான குளிர்காற்று ஒவ்வொரு முறையும் கீழே வழிந்து வெளியேறும்.

நான்காவது, லாரி பாட்டரியின் 12 அல்லது 24 வோல்ட்டிலேயே நேராக ஓடும் சிறு கம்ப்ரசர் பெட்டி. மேலே திறக்கும் மூடியுடையது. சற்றுச் சாய்ந்தாலும் இயங்கும். நாற்பது பாகை வெயிலிலும் 4 பாகைக்கு இறக்கவல்லது. விலை மிகுதியே இதன் குறை. ஆயினும் நெடும்பயணம் செல்லும் வண்டிகளுக்கு இதுவே தக்கது என்பது நம் கருத்து. ஆறு பேர் கொண்ட குழுவிற்கு 40 முதல் 50 லிட்டர் வரை போதும்.

இதற்குரிய கணக்கையும் காண்போம். பெட்டி ஓடும்போது 50 வாட் இழுப்பதாகவும், நாளிற் பாதி நேரம் ஓடுவதாகவும் கொண்டால், ஒரு நாட்செலவு 600 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் 1,200 வாட்-மணி உண்டு. ஈயப் பாட்டரியிற் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையுமாதலின், கைக்கொள்ளத்தக்கது 600 மட்டுமே. ஒரு பாட்டரி ஒரு நாளைக்கு என்று ஆயிற்று. கடுங்கோடையில் அதுவும் போதாது. ரிக் வேலை நடக்கும் நாளில் என்ஜின் ஓடுவதால் குறைந்ததை நிரப்பலாம். வேலையின்றி நிற்கும் நாளுக்குக் கூரைமேல் 200 வாட் சூரியப்பலகை ஒன்று உதவும். அதன்மேல் படியும் கல்தூசியை நாள்தோறும் துடைக்க வேண்டும். இவையெல்லாவற்றினும் முக்கியமானது, என்ஜினைக் கிளப்பும் பாட்டரியிலிருந்து பெட்டியைப் பிரித்துத் தனிப் பாட்டரியில் இணைப்பது. அன்றேல் மீனைக் காத்த இரவிற்கு மறுநாட்காலை லாரி கிளம்பாது.

பண்டங்களை அடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். அரிசி மூட்டையும் நீர்க்கேனும் அடியில், அச்சுக்கு அருகே இருத்தல் வேண்டும், இலேசானவை மேலே. கண்ணாடிப் புட்டிகளை விலக்குக. துளையிடும்போது எழும் தூசி எங்கும் புகுமாதலின் டப்பாக்களின் மூடி இறுகியிருக்க வேண்டும். டீசல் பீப்பாய்க்குப் பக்கத்தில் அரிசியை வைத்தலாகாது. எரிவாயு சிலிண்டர் நிமிர்ந்து நிற்கவேண்டும். அவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையிலே தேங்கும். ஆதலின் அதை வைக்கும் அறைக்கு அடிமட்டத்தில் துவாரம் அவசியம்.

இன்னும் ஒன்று. குளிர்ப்பெட்டி இல்லாத வண்டியில் பெருந்தீங்கு விளைப்பது மிஞ்சிய வெறுஞ்சோறு. அரிசியிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாய்க் கிடக்கையில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மறுபடி சூடாக்கினும் அழியாது. காலையில் ஆக்கிய சோற்றை இரவில் தாளித்து உண்பது சிக்கனமன்று. நோயை விலைக்கு வாங்குவதாகும். வேளைக்கு வேண்டிய அளவே ஆக்குவது, மிஞ்சின் ஆறவைத்துக் காலந்தாழ்த்தாது குளிர்ப்பெட்டியில் வைப்பது, பெட்டியில்லையேல் கொட்டிவிடுவது என்னும் மூன்று வழிகளே உள.

குளிர்ப்பெட்டி ஆடம்பரம் என்றும், அப்பணத்திற்கு இன்னொரு குழாய் வாங்கலாம் என்றும் சொல்லும் முதலாளிகள் உண்டு. அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: வாந்தியும் பேதியும் கண்டு இருவர் படுத்தால் அன்று இயந்திரமும் நிற்கும். வைத்தியர் எட்டாத் தொலைவிலுள்ள காட்டில் அவ்விருவர் படும் துன்பத்தை எக்கணக்கில் எழுதுவது? அக்குழுக்களில் உழைப்போருட் பலர் ஒடிஸா, பீகார் முதலிய தொலைநாடுகளிலிருந்து வந்தவர். வீடு விட்டுப் பிழைக்க வந்தவர்க்கு நல்லுணவு அளிப்பது வேலை வாங்குவோர் கடமையன்றோ?

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் உள்ளன. இயந்திரத்திற்கு அங்குலக் கணக்கில் இடம் ஒதுக்கும் அப்பட்டறைகளில், அடுக்களைக்கென்று நான்கடி இடமும், காற்றோடும் அலமாரியும், பெட்டிக்கொரு தனிப் பாட்டரியும் வரைபடத்திலேயே இடம்பெறல் வேண்டும். ஸ்வீடன் தேசத்து மாணவர் இருவர் உலகிற்கொரு குளிர்ப்பெட்டி தந்தனர். நம் கல்லூரியிற் பௌதிகமும் ரசாயனமும் பயிலும் இளைஞர் தம் ஊர் வண்டிக்கேற்ற அடுக்களையொன்றை வகுப்பாராயின், கற்ற கல்வி உழைப்பவன் கலத்திற் சென்று சேர்ந்ததாகும்.