மாங்காயில் உறங்கி மாம்பழத்தில் விழிக்கும் நோய்

எமது வளவிலுள்ள கறுத்தக்கொழும்பான் மரத்தில் மாசுமறுவற்ற காய்களாகப் பார்த்துப் பிடுங்குகிறோம். வைக்கோலில் அடுக்கிப் பழுக்க வைக்கிறோம். சந்தைக்குக் கொண்டுசெல்ல எடுத்தால் தோலெங்கும் கரும்புள்ளிகள். பாதி விலைக்கும் கேட்பாரில்லை. வைத்த இடத்தில் பழுதாகிவிட்டது என்று எண்ணுகிறோம். உண்மையில், காய் பிஞ்சாக இருந்தபோதே நோய் நுழைந்துவிட்டது.

இது அந்திரக்னோஸ் நோய். கொலெற்றோத்திரைக்கம் என்னும் பங்கசு, அதாவது ஒருவகைப் பூஞ்சணம், இதனை உண்டாக்குகிறது. பட்ட சுள்ளிகளிலும் நோயுற்ற இலைகளிலும் அது தங்கியிருக்கும். அதன் நுண்ணிய வித்திகளை மழைத்துளிகள் பூவிலும் பிஞ்சிலும் தெறிக்கச் செய்கின்றன. ஈரம் கிடைத்ததும் வித்தி முளைத்து, தோலில் இறுக ஒட்டி, ஊசி போன்ற முனையால் அதனைத் துளைக்கிறது.

மரத்துக்கும் காவல் உண்டு. காயின் தோலில் ரெசோர்சினோல் என்னும் பங்கசு எதிர்ப்புப் பொருட்கள் உள்ளன. பங்கசின் சுவரைச் சிதைக்கும் நொதியம் மாம்பாலில் இருப்பதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். இவற்றை வெல்ல முடியாத பங்கசு தோலுக்குள் உறங்கிக் காத்திருக்கிறது. காய் பழுக்கும்போது எதிர்ப்புப் பொருட்கள் குறைகின்றன. உடனே பங்கசு விழித்து, அமோனியாவைச் சுரந்து சுற்றியுள்ள புளிப்பைத் தணிக்கிறது. அந்நிலையில் அதன் நொதியங்கள் வலுப்பெற்றுச் சதையைக் கரைக்கின்றன.

ஆகவே எமது கவனிப்பு பூக்கும் முன்னரே தொடங்க வேண்டும். 2009 வரையான போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பிய பலரது வளவுகளில் மரங்கள் ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்று நின்றன. இன்றும் அவ்வாறு நிற்கும் மரமிருந்தால் பட்ட கொப்புகளை வெட்டி எரியுங்கள். வெயிலும் காற்றும் உட்புகும்படி கிளைகளைக் கழியுங்கள். விழுந்து அழுகிய காய்களை மரத்தடியில் விடாதீர்கள்.

காய்களை அடித்து விழுத்தாமல், சிறிதளவு காம்புடன் பிடுங்குங்கள். காம்பு ஒட்டமுறிந்தால் பால் வடிந்து தோலைச் சுடும். காயின் காவலும் குறையும். வெப்பமானி உள்ளவர்கள், பிடுங்கிய காய்களை 52 பாகை செல்சியஸ் நீரில் 5 நிமிடம் வைத்தெடுத்து ஆறவிடலாம். சூடு மிஞ்சினால் தோல் வெந்துவிடும்.

ஒரு மாமரத்து வருமானத்தில் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கும் வீடுகள் எம்மிடையே உள்ளன. மரம் பூக்குமுன் செலவிடும் ஒருநாள் உழைப்பு அந்த வருமானத்தைக் காக்க உதவும்.