வானொலித் தொலைநோக்கியும் சொல்லின் தெளிவும்

விண்மீன்கள் ஒளியை மட்டுமன்றி வானொலி அலைகளையும் உமிழ்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத அவ்வலைகளைத் திரட்டி ஆராயும் கருவியே வானொலித் தொலைநோக்கியாகும். அதனை உருவாக்க அறிவியலுடன் ஒருங்கிணைக்கும் திறனும் இன்றியமையாதது.

புளியறையில் நின்று நாம் காணும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபால் அமைந்தது நீலகிரி. அங்கு உதகைக்கு அருகே, பேராசிரியர் கோவிந்த் சுவரூப் தலைமையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கி 1970-இல் நிறைவுற்றது. அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சரிவுள்ள மலைச்சாரலைத் தேர்ந்து வடக்குத் தெற்காக நிறுவியதால், கருவியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாயிற்று. எனவே ஓர் அச்சில் சுழற்றியே வான்பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். பின்னர், புனேக்கு வடக்கே 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளும் அவர் தலைமையிலேயே அமைக்கப்பட்டன.

இவை ஒரு நாட்டின் முயற்சிகள். இன்று உருவாகிவரும் 'சதுர கிலோமீட்டர் அணி' பல நாடுகளின் கூட்டு முயற்சி. தலைமையகம் இங்கிலாந்தில், 197 கிண்ண அலைவாங்கிகள் தென்னாப்பிரிக்காவில், 1,31,072 சிறு அலைவாங்கிகள் ஆஸ்திரேலியாவில் என்பது திட்டம். கட்டுமானம் 2021-இல் தொடங்கியது. இவற்றை இயக்கிக் கண்காணிக்கும் 'தொலைநோக்கி மேலாளர்' என்னும் மென்பொருள் அமைப்பை வடிவமைத்த பன்னாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியது, புனேயிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையம். கருவியின் மூளையும் நரம்பும் போன்றது அவ்வமைப்பு.

ஒரு நாடு கிண்ணத்தைச் செய்கிறது. மற்றொன்று ஏற்பியைச் செய்கிறது. வேறொன்று மென்பொருளை எழுதுகிறது. தனித்தனியே அனைத்தும் செம்மையாக இருந்தும் ஒன்றோடொன்று பொருந்தாவிடில் பயன் யாது? ஆதலின் இரு பகுதிகள் சந்திக்கும் இடந்தோறும், திருகாணித் துளையின் அளவு முதல் தகவலின் வடிவம் வரை, அனைத்தையும் ஆவணமாக எழுதி இரு தரப்பினரும் ஒப்புக்கொள்கின்றனர். பின்னர் ஒருவர் தம் விருப்பப்படி அதனை மாற்றுதல் இயலாது. மாற்றம் தேவையெனில், அதனால் செலவும் காலமும் பிற பகுதிகளும் எவ்வாறு பாதிக்கப்படும் என ஆராய்ந்த பின்னரே இசைவு கிடைக்கும்.

இங்கேதான் மொழி முன்னிற்கிறது. 'தூணின் உயரம்' என்று மட்டும் எழுதினால், தரையிலிருந்து அளப்பதா, அடித்தளத்திலிருந்து அளப்பதா? ஒருவர் ஒன்றாகவும் மற்றவர் வேறாகவும் கொண்டால், இரும்பும் சிமெண்டும் அந்த ஐயத்தின் மீதே எழும். பிழை புலப்படும்போது பெரும்பொருள் செலவாகியிருக்கும்.

எனவே, மொழிப் பயிற்சி அறிவியலுக்குப் புறம்பானதன்று. இருபொருள் படாது எழுதவும், பிறர் எழுதியதை ஐயமறக் கற்கவும் தேர்ந்த மாணவர், சிற்றூரினின்று வந்தோராயினும், இத்தகைய பெரும்பணிகளில் இடம்பெறும் தகுதி உடையோரே. அத்தேர்ச்சியைத் தாய்மொழியில் தொடங்குதல் நன்று.