பாட்டி வீட்டு டிவி பதில் சொல்லுமா?

குட்டீஸ், உங்களுக்கு ஒரு புதிர்.

ரிஷிவந்தியத்தில், அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் உங்கள் பாட்டி வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டிக்கு முழங்கால் வலி. அடிக்கடி எழுந்து நடக்க முடியாது. வீட்டில் ஒரு பழைய டிவி, ஒரு பழைய ஏ.சி. இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி ரிமோட். ரிமோட் கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டால் பாட்டி பாடு திண்டாட்டம்தான்!

நீங்களோ சென்னையில் இருக்கிறீர்கள். அங்கிருந்தபடியே பாட்டி வீட்டு டிவியை அணைக்க முடியுமா? முடியும். ஆனால், அது நிஜமாகவே அணைந்துவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? புதிர் அதுதான்.

விடையைத் தேடுவோம், வாருங்கள்!

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

1800-ம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியாகச் செலுத்தி, வானவில்லின் நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்தையும் தாண்டி, வெளிச்சமே தெரியாத இடத்தில் வைத்தபோதும் வெப்பமானி ஏறியது! அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒளி இருந்தது. அதைத்தான் அகச்சிவப்புக் கதிர் என்கிறோம்.

நம் டிவி ரிமோட்டின் மூக்கு நுனியில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது அல்லவா? அது அகச்சிவப்பு ஒளியை வீசும் குட்டி விளக்கு. பட்டனை அழுத்தினால் அது எரியும். நமக்குத்தான் தெரியாது.

பார்க்க ஆசையா? செல்போனில் செல்ஃபி எடுக்கும் கேமராவைத் திறந்து, அதற்கு நேராக ரிமோட்டைப் பிடித்து பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களின் திரையில் ஊதா கலந்த வெண்மையாக ஒரு மினுக்கல் தெரியும். பின்பக்கக் கேமராவில் பல போன்களில் தெரியாது. அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி அதில் நன்றாக இருப்பதே காரணம்.

ஒரு விநாடிக்கு 38 ஆயிரம் தடவை!

வெயில், குண்டு பல்பு, அகல் விளக்கின் சுடர் எல்லாவற்றிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு. அப்படியானால் விளக்கு ஏற்றும்போதெல்லாம் டிவி சேனல் மாற வேண்டாமா?

மாறாது. ரிமோட்டின் விளக்கு சும்மா எரிவதில்லை. பெரும்பாலான ரிமோட்டுகளில் அது விநாடிக்குச் சுமார் 38,000 தடவை மினுக்குகிறது. டிவியின் கண், அந்த வேகத்தில் மினுக்கும் ஒளியை மட்டும்தான் மதிக்கும். மற்ற வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாது.

மினுக்கல் கொஞ்சம், இடைவெளி கொஞ்சம், மறுபடி மினுக்கல் என்று செய்தி போகிறது. இடைவெளி குறுகியதாக இருந்தால் 0. நீண்டதாக இருந்தால் 1. என்.இ.சி. என்ற, பல ரிமோட்டுகளில் உள்ள முறையில் ஒரு செய்திக்கு இப்படி 32 குறிகள். எந்தக் கருவிக்கான செய்தி, எந்த பட்டன் என்ற இரண்டும் அதில் இருக்கும். பட்டனுக்கான 8 குறிகளை அனுப்பியதும், 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றி அதே 8 குறிகள் இன்னொரு முறை போகும். இரண்டும் பொருந்தாவிட்டால், "ஏதோ தப்பாகக் கேட்டிருக்கிறது" என்று டிவி சும்மா இருந்துவிடும். இவ்வளவும் முடிய ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் போதும்!

தட்டினால் பாடிய ரிமோட்

ரிமோட் முதலில் ஒளியில் இயங்கவில்லை. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950-ல் கொண்டுவந்த ரிமோட்டுக்கு நீண்ட வயர் இருந்தது. நடப்பவர்கள் காலில் வயர் தட்டியது. 1955-ல் யூஜின் பாலி, டார்ச் லைட் போல ஒளி வீசும் ரிமோட்டைச் செய்தார். ஆனால், ஜன்னல் வழியே வெயில் பட்டாலும் டிவி குழம்பியது.

1956-ல் ராபர்ட் ஆட்லர் உருவாக்கிய ரிமோட் வெளிவந்தது. அதில் பேட்டரியே கிடையாது! பட்டனை அழுத்தினால் ஒரு சின்னச் சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும். மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலி எழும். அதைக் கேட்டு டிவி சேனலை மாற்றும். சாவிக்கொத்து குலுங்கினாலும் சில நேரம் சேனல் மாறியதாம்! பிறகுதான் அகச்சிவப்பு ரிமோட் வந்து எல்லா வீட்டுக்கும் பரவியது.

தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. கிராமத்து வீடுகளுக்கு 14 அங்குல டிவிகள் வந்தன. கூடவே ரிமோட்டும் வந்தது. பல வீடுகளில் பாட்டி, தாத்தா கையில் பிடித்த முதல் ரிமோட் அதுதான்.

கிளிப்பிள்ளை ஹப்

இப்போது பாட்டி வீட்டுக்கு வருவோம். பழைய டிவிக்கு இன்டர்நெட் தெரியாது. செல்போன் பேச்சு புரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அகச்சிவப்பு மினுக்கல். ஆகவே நமக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர்தான் ஸ்மார்ட் ஹப்!

உள்ளங்கையில் அடங்கும் சின்ன டப்பா அது. ஒரு பக்கம் வைஃபை வழியே செய்தி வாங்கும். மறுபக்கம் சுற்றிலும் அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும். நீங்கள் சென்னையில் போனில் தொட்டால், செய்தி இன்டர்நெட் வழியே ரிஷிவந்தியம் வந்து, ஹப்புக்குள் போய், மினுக்கலாக மாறி டிவியின் கண்ணில் படும்.

பல கம்பெனிகளின் குறிகள் ஹப்பின் பட்டியலில் முன்பே இருக்கும். இல்லாவிட்டாலும் கவலை இல்லை. பழைய ரிமோட்டை ஹப்புக்கு நேராகப் பிடித்து பட்டனை அழுத்தினால், மினுக்கலை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். அர்த்தம் தெரியாமலே திருப்பிச் சொல்லும். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளைதான்!

இந்த யோசனை புதிதல்ல. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், பல ரிமோட்டுகளின் வேலையைக் கற்றுக்கொள்ளும் ஒற்றை ரிமோட்டை 1987-லேயே வெளியிட்டார்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். அகச்சிவப்பு ஒளி சுவரைத் தாண்டாது. கூடத்தில் உள்ள ஹப்பால் படுக்கையறை ஏ.சி.யை இயக்க முடியாது. சில மின்விசிறி ரிமோட்டுகள் ஒளிக்குப் பதில் ரேடியோ அலையில் பேசும். அகச்சிவப்பு மட்டும் தெரிந்த ஹப் அவற்றிடம் ஊமைதான்!

அணைந்ததா, எரிகிறதா?

இனிதான் புதிரின் முடிச்சு. டிவி ரிமோட்டில் 'ஆன்' செய்யவும் 'ஆஃப்' செய்யவும் பெரும்பாலும் ஒரே பட்டன்தான். எரிந்தால் அணையும். அணைந்திருந்தால் எரியும். நேரில் இருப்பவருக்குச் சிக்கல் இல்லை. பார்த்தால் தெரியும். சென்னையில் இருக்கும் உங்களுக்கு?

பாட்டி தானே டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார். அது தெரியாமல் நீங்கள் பட்டனைத் தொட்டால், நடுராத்திரியில் டிவி அலறும்! 'அணைத்துவிட்டேன்' என்று போன் காட்டும். அது பொய் சொல்லவில்லை. செய்தியை அனுப்பியது மட்டும்தான் அதற்குத் தெரியும். பழைய டிவிக்குக் கண் உண்டு, வாய் இல்லை!

அம்மா சமையலறையிலிருந்து "சாப்பிட வா" என்று கூப்பிடுகிறார். நீங்கள் "இதோ வர்றேம்மா" என்றால் அம்மாவுக்கு நிம்மதி. பேசாமல் இருந்தால்? கேட்டதா, கேட்கவில்லையா என்று எட்டிப் பார்க்க வேண்டும். அதே கதைதான்.

ஏ.சி. ரிமோட் இதில் சமத்து. நீங்கள் எந்த பட்டனைத் தொட்டாலும், பெரும்பாலான ஏ.சி. ரிமோட்டுகள் 'ஆன், 24 டிகிரி, விசிறி மெதுவாக' என்று முழு நிலவரத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். 'ஆஃப்' என்றால் ஆஃப்தான். இரண்டு முறை அனுப்பினாலும் கெடுதல் இல்லை.

டிவிக்கு என்ன செய்வது? மின்சாரம் எவ்வளவு செலவாகிறது என்று அளந்து சொல்லும் ஸ்மார்ட் பிளக்கில் டிவியைச் சொருகலாம். ஓடும் டிவி நிறைய மின்சாரம் எடுக்கும். அணைந்த டிவி மிகமிகக் கொஞ்சம்தான் எடுக்கும். அளவைப் பார்த்து ஹப் உண்மையைக் கண்டுபிடிக்கும். வாயில்லாத டிவிக்கு ஒரு வாய் கிடைத்தாயிற்று!

பதில் சொல்லும் பம்ப்செட்

இந்தப் பாடத்தை நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் சுலபமாகச் சொல்வார்கள். கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் பூமி இது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மும்முனை மின்சாரம் எந்நேரம் வருகிறதோ அந்நேரம் மோட்டார் போட வேண்டும் என்ற நிலையில், ராத்திரியில் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்தவர்கள் நிறைய. வழியில் பாம்பு, தேள் பயம் வேறு!

அதற்குத்தான் செல்போன் ஸ்டார்ட்டர் வந்தது. கிணற்றடியில் உள்ள பழைய மோட்டாரை மாற்ற வேண்டாம். ஸ்டார்ட்டர் பக்கத்தில் சிம் கார்டு போட்ட ஒரு பெட்டியை மாட்டினால் போதும். வீட்டிலிருந்து போன் செய்தால் மோட்டார் ஓடும். ஓடுகிறதா, நின்றதா, ஒரு முனை மின்சாரம் இல்லையா, கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று பல பெட்டிகள் குரலிலோ குறுஞ்செய்தியிலோ திருப்பிச் சொல்லும். பதிவு செய்த எண்களுக்கு மட்டுமே அவை கீழ்ப்படியும்.

பழைய கருவி, தூரத்திலிருந்து கட்டளை. பாட்டி வீட்டு டிவி கதையேதான்! ஆனால், இதற்குப் பதில் சொல்லத் தெரியும்.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. கிணற்றில் ஒருவர் இறங்கி வேலை செய்துகொண்டிருக்கிறார். அது தெரியாமல் வீட்டிலிருந்து ஒருவர் மோட்டாரைப் போட்டால்? மோட்டார் ஓடுவதைப் பெட்டி சொல்லும். கிணற்றில் ஆள் இருப்பதை அது சொல்லாது! அதனால்தான் வேலை தொடங்கும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஃபியூஸ் இல்லாவிட்டால் எத்தனை போன் வந்தாலும் மோட்டார் அசையாது.

இதை மறக்காதீங்க!

* இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், கிரைண்டர் போன்றவற்றைத் தூரத்திலிருந்து போடும்படி வைக்கக் கூடாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாதே!

* ஹப்பின் பாஸ்வேர்டை நண்பர்களிடம் சொல்லாதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

* மின்சாரமோ இன்டர்நெட்டோ போனால் ஹப் திணறும். பழைய ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல், பேட்டரியோடு பத்திரமாக வையுங்கள்.

* பிளக், ஸ்டார்ட்டர் வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

இப்போது புதிருக்கு விடை தெரிந்ததா? கட்டளை போடுவது பாதி வேலைதான். அது நிறைவேறியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது மீதிப் பாதி.

ஸ்மார்ட் பிளக் இல்லாத வீடுகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. டிவியை அணைக்கும் முன் பாட்டிக்கு ஒரு போன் போடுங்கள். "பாட்டி, டிவி ஓடுதா?" என்று கேளுங்கள். சரியான பதில் கிடைக்கும். கூடவே, "சாப்பிட்டியா கண்ணு?" என்ற கேள்வியும் வரும். அதைக் கேட்க எந்த ஹப்புக்கும் தெரியாது!