சுமையே மருந்து

ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் ஸ்வீடனின் உமெயோ நகரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர். ஓட்டப் பயிற்சியில் ஆர்வம் கொண்டவர். 1990-களில் அவருக்குக் குதிகாலுக்கு மேலே தீராத வலி வந்தது. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த தசைநாண் பழுதாகியிருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொள்ள விரும்பினார். அதற்காக நீண்ட விடுப்பில் போனால் வேலை கெடும் என்று மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் அறுந்தே போனால் அறுவை சிகிச்சை செய்துதானே ஆக வேண்டும் என்று நினைத்த அவர், அதை அறுக்கும் நோக்கத்தோடு வலிக்க வலிக்கக் குதிகாலுக்குச் சுமை கொடுத்தார். நாண் அறவில்லை; வலிதான் போனது. பின்னாளில் அவரே சொன்ன கதை இது.

அதையே முறையான சிகிச்சையாக்கி 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள்பட்ட குதிகால் நாண் வலியால் ஓட முடியாமல் போன 15 பேர் அதில் பங்கேற்றனர். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டியபடி 45 முறை, சற்று மடக்கியபடி 45 முறை. இப்படிக் காலை, மாலை இருவேளையும் 12 வாரம் செய்தார்கள். வலி குறைந்ததும் முதுகில் பை மாட்டிச் சுமையைக் கூட்டினார்கள். 15 பேரும் மீண்டும் ஓடத் தொடங்கினர். எல்லோருக்கும் இதே அளவு பலன் கிடைப்பதில்லை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆனாலும், பழுதான திசுவுக்கு ஓய்வு மட்டுமே கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை இந்த ஆய்வு அசைத்துவிட்டது. இன்றைய இயன்முறை மருத்துவத்தின் மையக் கருத்து இதுதான்: அளவறிந்து கொடுக்கும் சுமை, உடல் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்வதற்கான கட்டளை.

எலும்புக்கும் உணர்வு உண்டு

எலும்பு தன்மீது விழும் சுமைக்கு ஏற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதினார். அது எப்படி நடக்கிறது என்பது இன்று நமக்கு ஓரளவு தெரியும். எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் மிக நுண்ணிய கால்வாய்களால் இணைந்திருக்கின்றன. நாம் நடக்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. கால்வாய்களில் உள்ள திரவம் நகர்கிறது. அந்த அசைவைச் செல்கள் உணர்கின்றன. எலும்பு உருவாவதைத் தடுக்கும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தின் சுரப்பைக் குறைக்கின்றன. புதிய எலும்பு படிகிறது.

சுமை இல்லாவிட்டால் நேர் எதிராக நடக்கும். எடையற்ற விண்வெளியில் தங்குபவர்களின் இடுப்பு எலும்பு, மாதத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் தன் தாதுச் செறிவை இழக்கிறது. இதைத் தடுக்கவே சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் அளவுக்கு உடற்பயிற்சி செய்கிறார்கள்.

முறிந்த எலும்புக்கு மாவுக்கட்டோ உலோகத் தகடோ ஏன் தேவை என்ற கேள்வி எழலாம். முறிந்த இடத்தில் அசைவு அதிகமானால் எலும்பு ஒன்றுசேராது. எனவே முதல் கட்டத்தில் பிடிமானம் கட்டாயம். இரு முனைகளுக்கும் நடுவே புதிய எலும்பு படியத் தொடங்கிய பிறகு, படிப்படியாகக் கூட்டும் சுமைதான் அதை உறுதியாக்குகிறது. எந்த நாளில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

மூட்டுக் குருத்தெலும்புக்கும் அசைவு தேவை. வளர்ந்தவர்களின் குருத்தெலும்பில் ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போது அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. வலிக்கு அஞ்சி மூட்டை அசைக்காமலே வைத்திருப்பவர், ஊட்டம் போகும் வழியையும் சேர்த்தே அடைக்கிறார்.

தசை ஏன் சூம்புகிறது?

படுக்கையில் கிடப்பதால் வரும் இழப்பு பெரியது. நலமாக இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. அந்தப் பத்து நாளில் அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசைத்திசு குறைந்திருந்தது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவரை மறுநாளே எழுப்பி நிற்க வைப்பது இதனால்தான். அதைப் பார்த்து இரக்கமில்லாத செயல் என்று குடும்பத்தார் தடுக்கக் கூடாது. அந்த வயதில் போன தசை எளிதில் திரும்பாது.

முழங்காலில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூட்டு வீங்கினால், அங்கிருந்து போகும் நரம்புச் செய்தி தண்டுவடத்தை எட்டி, தொடையின் முன்புறத் தசையை இயங்கவிடாமல் தடுக்கிறது. நலமான முழங்காலில் 20 முதல் 30 மில்லிலிட்டர் உப்புநீரைச் செலுத்தியபோதே தொடையின் உட்புறத் தசை மந்தமானதை 1984-ல் ஒரு பரிசோதனை காட்டியது. நோயாளி எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாகச் சுருங்காது. அதனால்தான் முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்கிறார்கள். பார்க்க மிக எளிய பயிற்சி. ஆனால் மூளைக்கும் தசைக்கும் இடையில் அறுந்த தொடர்பை மீட்கும் முதல் படி அதுவே.

கத்தியா, பயிற்சியா?

'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று ஸ்கேன் சொன்னவுடன் அறுவை சிகிச்சைக்குத் தேதி கேட்பவர்கள் நம்மிடையே பலர். அமெரிக்காவில் 45 வயதைக் கடந்த 351 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. எல்லோருக்கும் முழங்கால் ஜவ்வுக் கிழிசலும் மூட்டுத் தேய்மானமும் இருந்தன. அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கும் இயன்முறை சிகிச்சையில் தொடங்கியவர்களுக்கும் ஆறு மாதத்துக்குப் பின் நடமாட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சியில் தொடங்கியவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் அதற்குள் அறுவை சிகிச்சைக்கு மாறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படியும் பெரும்பாலோருக்குக் கத்தி தேவைப்படவில்லை. விபத்தில் மூட்டு பூட்டிக்கொண்டவர், எலும்பு விலகியவர் போன்றோருக்கு நிலைமை வேறு. அவர்களுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

'கரண்ட்' போதுமா?

பிசியோதெரபி என்றாலே 'கரண்ட் வைப்பது' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம் ஆகியவை சிலருக்குச் சிறிது நேரம் இதம் தரலாம். தசையை வளர்க்கும் வேலையை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. கீழ்முதுகு வலிக்கு அல்ட்ராசவுண்டும் மின்தூண்டலும் தர வேண்டாம் என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2016-ல் வெளிப்படையாகவே சொன்னது. அதே வழிகாட்டுதல் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. பத்து நாள் கருவிக்கு அடியில் படுத்துவிட்டு, ஒரு பயிற்சிகூடக் கற்காமல் வீடு திரும்புபவர், கொடுத்த பணத்துக்கு உரிய சிகிச்சையைப் பெறவில்லை.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம்? தசைநாண் பயிற்சிகளில் பரவலாகப் பின்பற்றும் அளவுகோல் ஒன்று உண்டு. வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டால், பயிற்சியின்போது அது 5-ஐத் தாண்டக் கூடாது; மறுநாள் காலைக்குள் தணிந்துவிட வேண்டும். தணியாவிட்டால் சுமையைக் குறைக்க வேண்டும். பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலும், கால் மரத்துப்போனாலும், சிறுநீரை அடக்க முடியாமல் போனாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் கூடும் பலம், நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருக்கவும் நாண் உறுதிபெறவும் மாதங்கள் ஆகும். வலி குறைந்த மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுபவருக்கு வலி திரும்பி வருவது இதனால்தான். எனவே இயன்முறை மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்: வீட்டில் நான் செய்ய வேண்டிய பயிற்சி எது? சுமையை எப்போது கூட்ட வேண்டும்? எத்தனை வாரம் தொடர வேண்டும்? அவர் சொல்லும் கடைசி வாரம் வரை விடாமல் செய்யுங்கள்.