கைகுலுக்க மறுத்த ஆளுநர்

ரெக்ஸ் ஹன்ட் 1980-இல் ஃபாக்லாந்து தீவுகளின் பிரிட்டன் ஆளுநரானபோது, தென் அட்லாண்டிக்கில் கிடந்த அந்தத் தீவுகள் லண்டனுக்குத் தீராத தலைவலி. மக்கள்தொகை சுமார் 1,800, ஆடுகளோ லட்சக்கணக்கில். தீவுகளை மால்வினாஸ் என்று அழைத்த அர்ஜென்டினா, 'மால்வினாஸ் எங்களுடையது' என்று விடாமல் உரிமை கோரியது.

யார்க்‌ஷயரின் ரெட்கார் ஊரில் 1926-இல் பிறந்தவர் ஹன்ட். விமானப்படையில் விமானி, பிறகு உகாண்டாவில் காலனி அதிகாரி, அதன்பின் சைகோன், கோலாலம்பூர் எனத் தூதரகப் பணி.

அவர் வந்த ஆண்டே வெளியுறவு இணையமைச்சர் நிக்கோலஸ் ரிட்லி ஒரு யோசனையோடு தீவுக்கு வந்தார்: இறையாண்மையை அர்ஜென்டினாவிடம் ஒப்படைத்துவிட்டு, தீவுகளைக் குத்தகைக்குத் திரும்பப் பெறுவது. மக்கள் கொதித்தார்கள். ஆளுநர் என்பவர் லண்டன் நியமிக்கும் அதிகாரி; அதே சமயம் தீவின் நிர்வாகத் தலைவர். லண்டனின் விருப்பமும் தீவு மக்களின் விருப்பமும் மோதினால் அவர் யார் பக்கம் நிற்பது? மக்கள் குத்தகை யோசனையை ஏற்கமாட்டார்கள் என்று ஹன்ட் லண்டனுக்கு ஒளிவுமறைவின்றி எழுதினார். தீவுக்காரர்களோடு மிகவும் ஒட்டிவிட்டார் என்று வெளியுறவுத் துறையில் சிலர் முகம் சுளித்தார்கள். அந்த ஒட்டுதல்தான் அவரை நல்ல ஆளுநராக்கியது.

1982 ஏப்ரல் 1 மாலை, அர்ஜென்டினப் படையெடுப்பு நெருங்குவதை வானொலியில் அவரே மக்களுக்குச் சொன்னார். மறுநாள் விடியலில் ஆளுநர் மாளிகையைச் சுற்றிச் சண்டை மூண்டது. தீவில் இருந்த மரைன் வீரர்களும் கடற்படையினரும் சேர்ந்தே சுமார் எழுபது பேர்தான். எதிரே பெரும்படை. மேலும் உயிர்கள் போகவேண்டாம் என்று சரணடைய உத்தரவிட்ட ஹன்ட், அர்ஜென்டினத் தளபதி கார்சியா நீட்டிய கையைப் பற்ற மறுத்து, நீங்கள் சட்டவிரோதமாக இறங்கியிருக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். தீவைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, இறகுத் தொப்பியோடு முழு அரசுச் சீருடை அணிந்து, தன் அலுவல் வாகனமான லண்டன் டாக்சியில் விமான நிலையம் போனார். தோற்றவராக அவரைப் பார்த்து வழியனுப்ப வேண்டிய நிலையை மக்களுக்கு அவர் வைக்கவில்லை.

பிரிட்டன் தீவுகளை மீட்டதில் முடிந்த 74 நாள் போரில் 255 பிரிட்டன் வீரர்களும் 649 அர்ஜென்டினரும் மாண்டார்கள். தீவுப் பெண்கள் மூவரும் பலியானார்கள். போர் முடிந்த ஜூன் மாதமே ஹன்ட் திரும்பினார், இம்முறை 'குடிமை ஆணையர்' என்ற பதவியில். கண்ணிவெடி புதைந்த மேய்ச்சல் நிலம், சேதமடைந்த வீடுகள், ஊர்மக்களைவிட அதிகமான படைவீரர்கள்: இவற்றுக்கு நடுவே அன்றாட நிர்வாகத்தை மீண்டும் நிமிர்த்துவது போரைவிட நீண்ட வேலை. 1985-இல் அவர் ஓய்வுபெற்றார், 2012-இல் காலமானார்.

அவர் ஓய்வுபெறுவதற்குள் தீவுக்காரர்களின் நிலையும் மாறிவிட்டது. 1981-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பலருக்கு முழுப் பிரிட்டன் குடியுரிமை தரவில்லை. 1983-இல் தனிச் சட்டம் இயற்றி நாடாளுமன்றம் அதை வழங்கியது.